பஞ்ச காலத்துப் பாட்டு

"பட்டினி கிடந்த காலத்தில் ஐம்பது பாட்டுக் கேட்க எப்படி சார் மனம் வந்தது?"

வரலாற்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இது. 1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததையும், அதன் விளைவாக உலகெங்கும் ஆலைகள் அடைபட்டதையும், உழைக்கக் கை இருந்தும் உண்ண வழியின்றி மக்கள் உழன்றதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு களைத்துப் போயிருந்தது. களைப்பைப் போக்க எண்ணி, அதே ஆண்டுகளில்தான் தமிழ்ப் பேசும்படம் பிறந்தது, ஐம்பது பாட்டுள்ள படத்தை முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள் என்று சொன்னேன். சிரிப்பை எதிர்பார்த்தேன், கேள்வி வந்தது. பதில் சொல்லுமுன் மணி அடித்தது. அன்று என்னைக் காத்தது அந்த மணிதான்!

நான் வாழும் ஊர் காலடிப்பேட்டை. எந்தக் கடவுளின் காலடி என்று ஆராய வேண்டாம். 1717 முதல் 1720 வரை சென்னையை ஆண்ட கும்பினிக் கவர்னர் ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய பேட்டை இது. காலட் பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. தறி ஓசைக்காக உண்டாக்கிய ஊருக்கு அருகே பின்னர் ஆலைச் சங்கின் ஓசை வந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்தது. அதில் ஏறி மண்ணடியில் இறங்கித் தங்கசாலைத் தெருப் பக்கம் நடந்தால், மாணவனின் கேள்வி பிறந்த இடத்திற்கே போய்விடலாம். அங்குதான் 'கினிமா சென்ட்ரல்' கொட்டகை இருந்தது. பிற்காலத்தில் அதற்கு முருகன் டாக்கீஸ் என்று பெயர். 1931 அக்டோபர் 31ஆம் நாள், தமிழ் பேசிய முதல் படமாகிய 'காளிதாஸ்' அங்கே திரையிடப்பட்டது. பம்பாயிலிருந்து படச்சுருள் பெட்டி வந்திறங்கியபோது, வால்டாக்ஸ் சாலை நெடுகிலும் கூட்டம் கூடிப் பூத்தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி வரவேற்றது என்று சொல்வார்கள். பெட்டிக்குக் கற்பூரம்! பேசும் பொருளைக் கண்டால் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கற்பூரம்தானே!

அந்த 1931ஐச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1929க்கும் 1933க்கும் இடையே சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நெல்லின் விலை விழுந்தது, நிலவரி விழவில்லை. வரியைப் பணமாகத்தான் கட்டவேண்டும் என்பது சர்க்கார் சட்டம். சென்ற ஆண்டு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய வரிக்கு இந்த ஆண்டு இரண்டு மூட்டை விற்கவேண்டும் என்றால் உழவன் எங்கே போவான்? கடன் கொடுத்தவன் வாசலுக்குப் போவான். அவனும் கையை விரித்தான். பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நம் செட்டிநாட்டுச் சீமான்களின் பணம் வயலாக மாறிக்கொண்டிருந்தது. 1930இல் தென்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 100க்கு 6 பங்கு நிலம் அவர்கள் கையில் இருந்தது. 1937இல் அது ஏறத்தாழ 25 பங்கு. கேட்கச் செழிப்பாக இருக்கும். உண்மையில் அது கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவன் விட்டுச்சென்ற மண்!

மலேயாவில் ரப்பர் விலை படுத்தது. பால் வெட்டப் போன தமிழனுக்கு வேலை இல்லை என்று தோட்டத்துரை சொன்னான். கப்பல் ஏற்றித் திருப்பி அனுப்பினான். 1930 முதல் 1933 வரையில் அவ்வாறு திரும்பி வந்தோர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். நாகப்பட்டினத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் தகரப் பெட்டியோடும் வெற்றுக் கையோடும் அவர்கள் இறங்கினர். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்தின் விலை ஏறிற்று. ஏறிய விலையைக் கண்டு, தவிக்கும் குடும்பங்கள் தோடும் தொங்கட்டானும் கழற்றி விற்றன. கிராமத்துக் கழுத்துகளிலிருந்து இறங்கிய பொன், பம்பாய் வழியே மேல்நாட்டுக்குக் கப்பல் ஏறியது.

இந்த நேரத்தில்தான் பாட்டு!

சரி, பணம் எங்கிருந்து வந்தது? இதை வரலாற்று நூல்கள் விளக்குகின்றன. நம்மில் பலர் கவனிப்பதில்லை. மந்தம் எல்லோரையும் ஒரே வகையாக வருத்தவில்லை. நெல்லில் போட்ட பணம் திரும்பாது, கிராமத்துக் கடன் வசூலாகாது என்று கண்ட செல்வர், கையிருப்பை நகருக்குத் திருப்பினர். அது பஞ்சாலையாயிற்று, 1932இன் காப்பு வரிக்குப் பின் சர்க்கரை ஆலையாயிற்று, சினிமாக் கொட்டகையும் ஆயிற்று. பைக்காரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் கோவைக்கு வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைச் செல்வத்தின் துணையோடு அங்கே படப்பிடிப்பு நிலையமும் எழுந்தது. காரைக்குடி மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வணிகத்திலிருந்து 1935இல் படத்தயாரிப்புக்கு வந்தார். வயலில் வாடிய முதல் வெள்ளித்திரையில் துளிர்த்தது என்று சொன்னால் கவிதைபோல் இருக்கும். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலும் ஏறத்தாழ அதுதான்.

இனி அமெரிக்காவைப் பார்ப்போம். பேசும்படம் அங்கே 1927இல் 'ஜாஸ் சிங்கர்' படத்தோடு தொடங்கியது. பேசத் தொடங்கிய படம் உடனே பாடவும் ஆடவும் தொடங்கியது. பாட்டுப் படங்களை வாரி இறைத்தார்கள். இரண்டே ஆண்டில் மக்களுக்குத் தெவிட்டிவிட்டது. 1931வாக்கில் பாட்டுப் படம் என்றாலே கொட்டகைக்காரர் அஞ்சினர். பாட்டு மறுபடி உயிர் பெற்றது எப்போது தெரியுமா? நாட்டில் உழைப்பாளரில் நால்வரில் ஒருவர் வேலையற்றுத் திரிந்த 1933இல்! பாங்குகளின் கதவுகள் அடைபட்ட அந்த மார்ச் மாதத்தில்தான் வார்னர் நிறுவனத்தின் 'நாற்பத்திரண்டாம் தெரு' வெளிவந்தது. தொடர்ந்து வந்தது '1933ஆம் ஆண்டின் தங்கம் தோண்டுவோர்'. நாட்டியங்களை அமைத்தவர் பஸ்பி பெர்க்லி. கேமராவை உச்சியில் ஏற்றி, கீழே ஆடும் பெண்களைப் பூவிதழ்போலவும் சக்கரம்போலவும் காட்டியவர் அவர்.

அந்தப் படத்தின் தொடக்கக் காட்சியைச் சொல்ல வேண்டும். நாணயங்களையே ஆடையாக அணிந்த நங்கையர், பணம் வந்துவிட்டது என்று பாடி ஆடுகிறார்கள். பாட்டு முடியவில்லை, அமீனா ஆட்களோடு வருகிறான்! நாடக முதலாளி பாக்கி வைத்த கடனுக்காகத் திரையையும் உடையையும் பறிமுதல் செய்கிறான். நாணய ஆடையே ஜப்தி ஆகிறது! படத்தின் இறுதியில், முதல் உலகப் போரில் மாலை போட்டு அனுப்பப்பட்ட வீரர்கள், இப்போது இலவச ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் காட்சி. மறக்கப்பட்ட மனிதனைப் பற்றி ஒரு பெண் பாடுகிறாள். 'மறக்கப்பட்ட மனிதன்' என்ற சொல்லை ரூஸ்வெல்ட் 1932இல் தம் வானொலிப் பேச்சில் வழங்கியிருந்தார். அதே ஆண்டு, வாக்களித்த உதவித் தொகையைக் கேட்டு வாஷிங்டனில் முகாமிட்ட முன்னாள் வீரரைப் படையை ஏவி விரட்டியடித்த கொடுமை நடந்தது. அதைக் கண்ட மக்களுக்கு அந்தப் பாட்டின் பொருளை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆலிவுட் முழுவதும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 1934இல் வந்த ஒரு படத்தில், நாட்டின் துயரைப் போக்க ஜனாதிபதி ஒரு புது மந்திரியை நியமிக்கிறார். எதற்கு மந்திரி? உணவுக்கா? வேலைக்கா? கேளிக்கைக்கு! அந்தப் படத்தில்தான் ஷர்லி டெம்பிள் என்ற சிறுமி அமெரிக்காவின் கண்மணியானாள். 1935இன் 'டாப் ஹாட்' போன்ற பிரெட் ஆஸ்டேர் படங்களில் பசி என்ற பேச்சே கிடையாது. பளபளக்கும் தரை, பளபளக்கும் செருப்பு. அந்தப் பளபளப்பைக் காணவும் பஞ்சைகள் காசு கொடுத்தனர். ஆயினும், பாட்டுப் படத்துக்குள்ளேயே ரொட்டி வரிசையைக் கொண்டுவந்து நிறுத்த அங்கே சிலருக்குத் துணிவு இருந்தது. அதைத்தான் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

இங்கே என்ன நடந்தது?

'காளிதாஸ்' கதை உங்களுக்குத் தெரியும். எழுத்தறியாத ஆட்டிடையன், அவனைச் சூழ்ச்சியால் மணக்க நேர்ந்த இளவரசி, காளி அருள்புரிகிறாள், அவன் மகாகவி ஆகிறான். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதைமேல் தனிக்கோபம் உண்டு. ஆடு மேய்ப்பவனுக்கு அறிவு வரவேண்டுமானால் காளி வரவேண்டுமாம்! ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தால் போதும் என்பது கதை கட்டியவனுக்குத் தோன்றவில்லை. ஆனால் படத்தை அவ்வளவோடு ஒதுக்கிவிடவும் முடியாது. தமிழ்ப் படம் என்ற பேர்தான், நாயகி டி. பி. இராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பேசினார். தியாகராயரின் தெலுங்குக் கீர்த்தனங்களும் அதில் உண்டு. கூடவே, கதைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்னும்படி, காந்தியாரின் கைராட்டினத்தைப் புகழ்ந்து ஒரு பாட்டு! எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். போஜராஜன் காலத்துக் கதையில் ராட்டினம் எப்படி வந்தது என்று கேட்ட பண்டிதர்கள் இருக்கலாம். தரையில் அமர்ந்து பார்த்தவன் கேட்கவில்லை. தணிக்கைக் குழுவின் தலைமையில் போலீஸ் கமிஷனர் இருந்த காலம் அது. வசனத்தில் சொல்ல முடியாததைப் பாட்டில் ஒளித்து வைத்தனர். நெசவாளர் பேட்டையில் வாழும் எனக்கு ராட்டினத்தைப் பற்றிப் பேச இன்னும் சில இருக்கின்றன. அது வேறு கட்டுரை.

ஏன் அத்தனை பாட்டு? ஒரு காரணம், நாடக மேடை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்திலிருந்து பாட்டு நாடகமே மக்கள் அறிந்த கலை. மந்தம் வந்து நாடகக் கம்பெனிகளின் வசூலை வற்றடித்தபோது, நடிகரும் பாட்டாசிரியரும் பக்க வாத்தியக்காரரும் அப்படியே பேசும்படத்துக்குப் பெயர்ந்தனர். இன்னொரு காரணம், கருவி. பின்னணிப் பாடல் என்ற முறை தமிழில் வந்ததே 1938இன் 'நந்தகுமார்' படத்தில்தான். அதுவரை நடிப்பவரே நடிக்கும்போதே பாடவேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் கேமராவின் கண்ணுக்குப் படாமல் மரத்தின் மறைவிலோ திரையின் பின்னாலோ ஒளிந்துகொண்டு வாசிக்க வேண்டும். 1934இல் எடுத்த 'பவளக்கொடி'யில் தியாகராச பாகவதர் அறிமுகமானார். அடையாற்றில் சூரிய வெளிச்சத்தில் படப்பிடிப்பு. சாப்பாட்டு வேளை முடிந்ததும் காக்கைகள் கூடிக் கரைய, ஒலிப்பதிவு கெட்டதாம். காக்கையை விரட்டவே துப்பாக்கியோடு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்களாம். படித்தவுடன் சிரித்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன்: வேலையே கிடைக்காத காலத்தில் காக்கை விரட்டவாவது ஒருவனுக்கு வேலை கிடைத்ததே!

அதற்கு முன்பெல்லாம் தமிழ்ப் படம் எடுக்கப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகவேண்டும். 1934இல் ஏ. நாராயணன் சென்னையிலேயே 'சீனிவாச சினிடோன்' என்ற ஒலிப்பட நிலையத்தை நிறுவினார். அங்கே ஒலிப்பதிவுக் கருவியை இயக்கியவர் அவருடைய துணைவியார் மீனாட்சி. பெண்ணுக்கு அடுப்பங்கரை போதும் என்று பேசித் திரிந்த நாட்டில், 1934இல் ஒரு பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒலியை அளந்தார்! முதல் படத்து நாயகி இராஜலட்சுமியோ, 1936இல் தாம் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று தாமே இயக்கிப் படமாக்கினார். இவர்களைப் பாடப் புத்தகம் அறியாது. புத்தகத்தில் இல்லாததைச் சொல்ல எனக்கு ஆண்டில் ஒரு மணி நேரமாவது கிடைக்கிறது, அதுவரை நல்லது.

1935இல் 'நந்தனார்' வந்தது. நந்தனாராக நடித்தவர் கொடுமுடி சுந்தராம்பாள். ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். நெல்லுக்கு விலையில்லாத ஆண்டில் ஒரு குரலுக்கு இலட்சம்! அந்தக் குரல் அதற்குத் தகுதி உடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்தபின் வெள்ளைச் சேலை உடுத்தி மேடையை விட்டு விலகியிருந்த அம்மையார், ஆணுக்கு இணையாக நடிக்கமாட்டேன் என்று உறுதி பூண்டிருந்தவர், ஆண் வேடமே ஏற்று வந்தார். வேதியராக நடித்தவர் மகாராசபுரம் விசுவநாத ஐயர்.

கதையைப் பாருங்கள். பண்ணையாள் நந்தன் தில்லைக்குப் போக விடுப்புக் கேட்கிறான். நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து அறுத்துக் களம் சேர்த்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். இரவோடு இரவாக இறைவன் அருளால் நெல் விளைகிறது! இந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் படைத்த பாத்திரம். பண்ணை முறையின் கொடுமையைக் கண்ணால் கண்டு படைத்தார் என்றே நான் கருதுகிறேன். அதற்காக அவரைப் போற்றலாம். ஆனால் கொடுமையைக் காட்டிவிட்டு அதற்குப் பரிகாரமாக என்ன கொடுத்தார்? அற்புதம், அதன்பின் நெருப்பு. நந்தன் தீயில் இறங்கிப் பூணூலோடு வெளிவந்தால்தான் கோயிலுக்குள் இடம். தஞ்சைத் தரணியில் நெல் களத்திலேயே விலைபோகாமல் கிடக்க, அறுத்தவன் அரைவயிற்றோடு இருக்க, அவனே காலணா அரையணா சேர்த்து வைத்துக்கொண்டு வந்து, நாற்பது வேலி ஓரிரவில் விளைந்த காட்சியைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான்! விளைந்தது யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்கவிடாமல் அடைத்தது அந்தத் தேன்குரல். கலையின் ஆற்றல் அது; ஆபத்தும் அதுவே.

பாமரன் மேல் மட்டும் பழிபோடுவது முறையா? கொட்டகையில் அவனுக்கு வேறொன்றும் கிடைத்தது. சங்கீத சபையில் அவனுக்கு இடம் இல்லை. இடம் கொடுத்தாலும் அங்கே ஒலித்தது பெரும்பாலும் தெலுங்கு. தமிழிசை வேண்டும் என்று அண்ணாமலை அரசரும் அறிஞர்களும் கிளர்ச்சி தொடங்கியதே 1940களில்தான். அதற்குப் பத்தாண்டு முன்பே சுந்தராம்பாளின் தமிழும் பாகவதரின் தமிழும், பாபநாசம் சிவன் பாட்டும், தரை டிக்கெட்காரனுக்குச் சொந்தமாகிவிட்டன. கொட்டகை வாசலில் ஓரணாவுக்குப் பாட்டுப் புத்தகம். அதைப் படிப்பதற்காகவே எழுத்துக் கூட்டக் கற்றவர் உண்டு என்று எங்கள் தெருப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் எழுதிய நூலில் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறார்: தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை; அங்கே இடத்தை முடிவு செய்தது பிறப்பு அன்று, டிக்கெட்டின் விலை. பணம் பிரிப்பதும் பிரிவினைதான், மறுக்கவில்லை. ஆனால் நாலணாவைச் சம்பாதிக்கலாம். பிறப்பைச் சம்பாதிக்க முடியுமா? திரையில் நந்தன் கோயிலுக்கு வெளியே நின்று ஏங்கினான். அதைப் பார்த்த அவன் வழிவந்தவன் கொட்டகைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தான்.

சுந்தராம்பாளின் 'நந்தனார்' எடுக்கப்பட்டபோது மாணிக்லால் டாண்டன் என்ற இயக்குநரோடு அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் வந்து உதவினார். எல்லிஸ் ஆர். டங்கன், ஒகையோ மாநிலத்துக்காரர், தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படக்கலை பயின்றவர். சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பலாம் என்று 1935இல் வந்தவர் 15 ஆண்டு தங்கிவிட்டார். கடைசிவரை அவருக்குத் தமிழ் தெரியாது! 1936இல் அவர் இயக்கிய 'சதி லீலாவதி', எஸ். எஸ். வாசன் எழுதிய கதை; எம். ஜி. இராமச்சந்திரன் சிறு வேடத்தில் தோன்றிய முதல் படம்.

அமெரிக்கப் படத்தின் ரொட்டி வரிசைக்கு நம்மிடம் ஈடு உண்டா என்று தேடினால் இந்தப் படத்தில்தான் கண் நிற்கிறது. குடியாலும் கூடா நட்பாலும் கெட்ட நாயகன், கொலை செய்துவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடுகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தமிழ்த் திரையில் தோட்டக் கூலி தோன்றிவிட்டான்! மலைநாட்டில் மாண்டு மடிந்த மக்களைப் பற்றி இனிப் பேசுவார்கள் என்று நிமிர்ந்து உட்காருகிறோம். ஐயோ, அங்கே அவனுக்குப் புதையல் கிடைக்கிறது! பணக்காரனாகத் திரும்புகிறான். தகரப் பெட்டியோடு துறைமுகத்தில் இறங்கிய இலட்சம் பேரில் எத்தனை பேருக்குப் புதையல் கிடைத்தது? அவர்களுள் ஒருவன் அன்று கொட்டகையில் இருந்திருந்தால் அழுதிருப்பானா, சிரித்திருப்பானா? என்னால் முடிவுகட்ட இயலவில்லை.

அடுத்த ஆண்டு கே. சுப்பிரமணியத்தின் 'பாலயோகினி'. ஷர்லி டெம்பிளைப்போல் இங்கே பேபி சரோஜா. ஊரெங்கும் பிறந்த பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பேர் வைத்தார்கள். ஆனால் வேற்றுமையைப் பாருங்கள். அந்த அமெரிக்கக் குழந்தை ஆடிப்பாடிக் கவலையை மறக்கச் செய்தது. இந்தத் தமிழ்க் குழந்தை, தாழ்த்தப்பட்ட வேலைக்காரர் வீட்டில் பார்ப்பன விதவை அடைக்கலம் புகும் கதையில் வந்து பெரியவர்களிடம் நியாயம் கேட்டது. பாட்டுக்கிடையே இந்தக் கேள்வியை வைத்ததற்காக, இயக்குநரைச் சாதிவிலக்கு செய்ததாகத் தஞ்சை வைதிகர் அறிவித்தனர் என்பர். அவரும் பார்ப்பனரே. நேர்மையைக் கண்டால் சாதி பாராமல் பாராட்டவேண்டும், பாராட்டுகிறேன்.

அந்தப் பத்தாண்டின் பாட்டு வெள்ளம் எங்கே போய் முடிந்தது என்றால், நம் வடசென்னைப் பக்கமே வந்து முடிந்தது. 1944இல் வெளியான பாகவதரின் 'ஹரிதாஸ்' பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. நியூயார்க்கின் பிராட்வே நாடகத் தெருவைப் பற்றி ஆலிவுட் ஆயிரம் பாட்டுப் பாடியது. நம் பிராட்வே, 18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் திருத்தி அமைத்த தெரு; இன்று பிரகாசம் சாலை. போர்க்காலம், அரிசிப் பங்கீடு, விளக்கணைப்பு எல்லாம் பார்த்த ஊர் மறுபடி மறுபடி அங்கே போய் அமர்ந்து பக்திப் பாட்டுக் கேட்டது. தமிழர் எடுக்கும் படத்தில் தமிழரின் வாழ்வைக் காணோமே என்று பாவேந்தர் பாரதிதாசன் கவிதையிலேயே மனம் நொந்திருக்கிறார். அவரே 'பாலாமணி', 'காளமேகம்' ஆகிய படங்களுக்கு எழுதியவர். உள்ளிருந்து கண்ட குறை அது. பின்னர் அவருடைய 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி' ஆனபோது இயக்கியவர், அதே தமிழறியா அமெரிக்கர் டங்கன்! அவ்வாண்டே கலைஞர் மு. கருணாநிதியின் 'மந்திரி குமாரி'யிலும் பணியாற்றி, அதன்பின் ஊர் திரும்பினார்.

புதையல் கதைக்கு எதிர்க்கதை 1952இல் வந்தது. 'பராசக்தி'யின் குணசேகரன் இரங்கூனிலிருந்து பணத்தோடுதான் வருகிறான். சென்னையில் இறங்கியதும் ஏமாற்றப்பட்டு எல்லாம் இழக்கிறான். கடல் கடந்து போனவனின் உண்மைக் கதைக்கு இது எத்தனையோ நெருக்கம்! 1936க்கும் 1952க்கும் இடையே தமிழ்த் திரை கற்றுக்கொண்டது இந்தப் பதினாறு ஆண்டுப் பாடம்.

மாணவனுக்குச் சொல்ல நான் தேர்ந்தெடுத்தது அதையும் அன்று. 1936இல் பிராங்க் காப்ரா எடுத்த ஆலிவுட் படம் ஒன்று உண்டு: பெருஞ்செல்வம் திடீரென்று கைக்கு வந்த சிற்றூர்க்காரர் ஒருவர், மந்தத்தில் நிலம் இழந்த உழவர்க்கு அதை வாரி வழங்கத் துணிகிறார், அவருக்குப் பைத்தியம் என்று வழக்குத் தொடுக்கிறார்கள். 'மிஸ்டர் டீட்ஸ்' என்னும் அந்தக் கதையைத் தழுவி அறிஞர் அண்ணா எழுதியதுதான் 1949இன் 'நல்லதம்பி'. நாயகர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். அமெரிக்கப் பஞ்சத்தில் பிறந்த கதை பதின்மூன்று ஆண்டு கழித்துத் தமிழ் பேசியது.

அந்தப் படத்தில் கலைவாணர் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் செய்கிறார். நந்தனார் சரித்திரத்தின் அதே அமைப்பு, அதே உருக்கம், இடையிடையே அதே பாட்டு; பாட்டில் உடுமலை நாராயணகவியின் கைவண்ணம். நந்தன் தில்லைக்கு ஏங்கினான். கிந்தன் படிப்புக்கு ஏங்குகிறான். சேரியில் பிறந்தவனுக்குப் படிப்பு எதற்கு என்கிறார்கள். தீயில் குதிக்கச் சொல்லி அவனுக்குக் கனவு வரவில்லை. ரயில் ஏறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பூணூல் எதுவும் முளைக்கவில்லை!

மறுவாரம் வகுப்பில் இதைச் சொன்னேன். பட்டினி கிடந்தவன் பாட்டுக் கேட்டதற்குக் காரணம், பாட்டு மட்டுமே அவனுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது என்றேன். ஒரே பாட்டு நந்தனையும் பாடியது, கிந்தனையும் பாடியது என்றேன். 'காளிதாஸ்' படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை, நல்லதம்பி கிடைக்கிறது என்றும் சொன்னேன். கேள்வி கேட்டவன் எழுந்தான். அவன் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில்.

"கிந்தன் எந்த ஸ்டேஷன்ல சார் இறங்கினாரு? சென்ட்ரலா, எழும்பூரா?"

படத்தை மறுபடி பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.